உப்புக்காற்றில் வயதான ரோட்ஸ்டர்: ஷொக், புஷ், போல் ஜொயின்ட் மாற்றும் முழுமையான வழிகாட்டி

என்னிடம் இருப்பது முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5. 1989இல் வெளிவந்தபோது ஜப்பானுக்குள் இதை யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்றார்கள். எடை ஏறக்குறைய ஒரு டன்தான். நான்கு சில்லுக்கும் மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம் என்று டபுள் விஷ்போன் அமைப்பு. இந்தக் காரின் சுகம் முழுவதும் அந்த ஆர்ம்களில்தான் இருக்கிறது. அதனால் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் ரப்பர் புஷ்கள் முப்பது வருடம் கழித்துக் காய்ந்து வெடிக்கும்போது, கார் வேறு ஒரு கார் போல ஆகிவிடுகிறது.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு 2025 தொடக்கம் வரை நாம் எல்லோரும் இருந்ததைத்தான் பழுதுபார்த்து ஓட்டினோம். அந்தக் காலத்தில் என் காரில் முன்னால் 'டொக் டொக்' என்று சத்தம் வந்தது. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷொக் நான்கையும் மாற்றினேன். சத்தம் போகவில்லை. அப்புறம் ஒரு கராஜில் புஷ் எல்லாவற்றையும் மாற்றக் கொடுத்தேன். கார் அருமையாக வந்தது. ஆனால் ஒரு வருடத்துக்குள் புதுப் புஷ்களில் பாதி கிழிந்து போயின. பொருளில் பிழை இல்லை. காரைத் தூக்கி, சில்லுகள் தொங்கும் நிலையிலேயே எல்லா நட்டையும் இறுக்கிவிட்டார்கள், அதுதான் காரணம். மூன்றாம் முறை நானே வீட்டில் செய்தேன். அந்த வேலையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஹொண்டா சிவிக், இன்டெக்ரா போன்ற பழைய கார்களுக்கும் முறை பெரும்பாலும் இதுவே. போல்ட் இருக்கும் இடமும் இறுக்கும் அளவும்தான் மாறும்.

முதலில் எது தேய்ந்தது என்று பாருங்கள்

காரின் ஒவ்வொரு மூலையையும் கையால் அழுத்தி விடுங்கள். ஒரு தரம் மேலே வந்து நின்றால் ஷொக் வேலை செய்கிறது. இரண்டு, மூன்று தரம் ஆடினால் போய்விட்டது. ஆனால் இந்தச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். ஷொக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து தூசி ஒட்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள். லேசான ஈரக்கசிவு பரவாயில்லை, வழிந்திருந்தால் மாற்ற வேண்டும்.

அடுத்தது போல் ஜொயின்ட், அதாவது ஆர்மின் வெளிநுனியைச் சில்லுப் பக்கத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டு. முன் சில்லைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அது சில்லு பெயரிங்காகவும் இருக்கலாம், போல் ஜொயின்டாகவும் இருக்கலாம். ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பெயரிங், நிற்காவிட்டால் போல் ஜொயின்ட். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் ஸ்டியரிங்கைச் சில்லுப் பக்கத்தோடு இணைக்கும் டை ரொட் எண்டைச் சந்தேகியுங்கள்.

புஷ்ஷைப் பார்க்க ஒரு நீண்ட இரும்புக் கம்பி போதும். ஆர்முக்கும், அது பூட்டப்பட்டிருக்கும் இரும்புச் சட்டமான சப்பிரேமுக்கும் இடையில் விட்டு மெதுவாக நெம்புங்கள். நல்ல ரப்பர் கொஞ்சம் அசைந்து திரும்பி வரும். செத்த ரப்பர் பிளந்து வாயைத் திறக்கும், அல்லது உள்ளே இருக்கும் இரும்புக் குழாய் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடக்கும். ஓட்டும்போதே தெரியும் அறிகுறிகளும் உண்டு. பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். டயரின் உள் விளிம்பு மட்டும் தேயும். மட்டக்களப்பில் செங்கலடியில் இருந்து வாவியின் மேற்கே படுவான்கரைப் பக்கம் கிரவல் வீதிகளில் போகும்போது, பெரிய பள்ளத்தைவிடச் சின்னச் சின்ன அலைகளில்தான் சத்தம் கூடுதலாகக் கேட்கும்.

என்ன வாங்குவது

ஒரு பக்கம் மட்டும் எதையும் மாற்றாதீர்கள். ஷொக் என்றால் முன் இரண்டும் அல்லது பின் இரண்டும். நீங்கள் எப்படியும் எல்லாவற்றையும் கழற்றத்தான் போகிறீர்கள், ஆகவே இவற்றைச் சேர்த்தே வாங்குங்கள்: முன்னும் பின்னும் எல்லாப் புஷ்களும், முன் கீழ்ப் போல் ஜொயின்ட் இரண்டு, டை ரொட் எண்ட் இரண்டு, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்குகளும் ரப்பர்களும், ஷொக், பம்ப் ஸ்டொப், தூசி உறை, நட் கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்கள். இந்தக் காரில் மேல் போல் ஜொயின்ட் மேல் ஆர்முடன் சேர்ந்தே வரும். அதன் ரப்பர் உறை மட்டும் கிழிந்து, ஜொயின்ட் இறுக்கமாக இருந்தால் உறையை மட்டும் மாற்றலாம். பின்பக்கத்தில் போல் ஜொயின்ட் கிடையாது, அங்கே எல்லாமே புஷ்.

பம்ப் ஸ்டொப்பை மறந்துவிடாதீர்கள். ஷொக்கின் தண்டில் ஏறியிருக்கும் அந்த நுரை ரப்பர் இந்தக் காருக்கு இரண்டாவது ஸ்பிரிங் மாதிரி. சஸ்பென்ஷன் ஓடும் தூரம் குறைவு என்பதால் வேகத்தடை ஒன்றில் இறங்கினாலே கார் அதன்மேல் வந்து உட்காரும். பழையதைத் தொட்டுப் பாருங்கள், பிஸ்கட் போல உதிரும்.

ரப்பரா, பொலியூரித்தேனா என்று பலர் கேட்கிறார்கள். நம் வீதிகளுக்கு ரப்பர் என்பதே என் முடிவு. பொலியூரித்தேன் புஷ் உள்ளே வழுக்கிச் சுழல வேண்டும், அதற்கு கிறீஸ் வேண்டும். நாவலடியிலும் கல்முனையிலும் காற்றோடு வரும் மணல் அந்தக் கிறீஸில் ஒட்டினால் கொஞ்சக் காலத்தில் கிறீச்சிடத் தொடங்கும். கிரவல் வீதியின் அதிர்வும் நேரே முதுகுக்கு வரும்.

கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழைய ஆர்ம்கள் கிடைத்தால் வாங்குங்கள். ஆனால் பழைய புஷ்ஷும் பழைய போல் ஜொயின்டும் ஒருபோதும் வேண்டாம். பழைய ஆர்ம் ஒரு செட் கையில் இருப்பதில் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது. அதைத் துரு நீக்கி, பெயின்ட் அடித்து, புதுப் புஷ் ஏற்றித் தயாராக வைத்துவிட்டால், காரைப் பிரித்துப் போட்டுவிட்டு லேத் பட்டறை வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வார இறுதியில் முன்பக்கம், அடுத்த வார இறுதியில் பின்பக்கம் என்று முடிக்கலாம். வாங்கும்போது ஆர்மைச் சமதரையில் வைத்து, உங்கள் காரில் இருப்பதோடு ஒப்பிட்டு வளைவு இருக்கிறதா என்று பாருங்கள்.

கேம் போல்ட்டுகளைப் புதிதாக வாங்கிவிடுங்கள். கீழ் ஆர்ம்களின் உள்பக்கத்தில் இருக்கும் இந்தப் போல்ட்டுகளில் தட்டு நடுவிலிருந்து விலகி இருக்கும். அதைத் திருப்பித்தான் சில்லின் சாய்வையும் திசையையும் சரி செய்கிறார்கள். கடலோரக் காரில் இவை உயிரோடு கழன்று வருவது அரிது.

வேலைக்கு ஏற்ற காலம்

எழுவான்கரையில், அதாவது வாவியின் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையில் வாழும் கார்களுக்குத் துருதான் முதல் எதிரி. ஆகவே வேலை போல்ட்டில் எண்ணெய் விடுவதில் தொடங்க வேண்டும், ஸ்பனரில் அல்ல. ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு போல்ட்டின் வெளியே தெரியும் மரையையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருப்பிடித்த நட்டுக்கென்றே விற்கும் ஊடுருவும் எண்ணெயை தினமும் மாலையில் அடியுங்கள். சாதாரண டபிள்யூடி-40 இந்த வேலைக்குப் போதாது. நாளும் காரை ஓட்டுங்கள், அதிர்வோடு எண்ணெய் உள்ளே இறங்கும்.

மாரியில் இதைத் தொடங்க வேண்டாம். ஐப்பசி முதல் தை வரை மழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது, பிரித்துப் போட்ட காரை நகர்த்தவும் முடியாது. மாசிக்குப் பிறகு எப்போதும் செய்யலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டும் விடிய ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொரு மணிக்கு நிறுத்திவிடுங்கள். சூட்டில் களைத்த கைதான் போல்ட்டின் தலையை வழுக்க விடுகிறது.

இடம் சீமெந்துத் தரையாக இருக்க வேண்டும். முற்றத்து மணலில் பலகை போட்டு ஜக் வைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். சீமெந்துத் தரை இல்லாவிட்டால் இருக்கும் ஒருவர் வீட்டுக்குக் காரைக் கொண்டு போங்கள்.

காரைத் தூக்குவதற்கு முன்

இந்த ஒரு வேலைக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும். கார் நான்கு சில்லிலும் சமதரையில் நிற்கட்டும். ஒவ்வொரு சில்லின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்காட்டின் விளிம்பு வரை எத்தனை மில்லிமீற்றர் என்று அளந்து, ஒரு துண்டு டேப்பில் எழுதி மட்காட்டிலேயே ஒட்டிவிடுங்கள். கடைசியில் இறுக்கும்போது இந்த நான்கு எண்கள்தான் வழிகாட்டும். பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போடுகிறீர்கள் என்றால் இந்த அளவே சரி. ஸ்பிரிங்கையும் மாற்றினால் வேலை முடிந்து தரையில் இறக்கி, கொஞ்சம் ஓட்டிவிட்டுப் புதிதாக அளக்க வேண்டும்.

சில்லு நட்டுகளை (21 மில்லிமீற்றர் சொக்கட்) தரையில் வைத்தே சற்றுத் தளர்த்துங்கள். முன்பக்கத்தைச் சப்பிரேமின் நடுவிலும், பின்பக்கத்தை டிஃபரென்ஷியலின் கீழும் ஜக் வைத்துத் தூக்கலாம். தூக்கியதும் உறுதியான ஸ்டாண்டுகளில் இறக்கி, காரைக் கையால் பலமாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் மறுபடி வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே தலையை வைக்காதீர்கள். கழற்றிய சில்லுகளைக் காரின் அடியில் படுக்க வைப்பது இரண்டாவது பாதுகாப்பு.

கேம் போல்ட்டின் தட்டு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பெயின்ட் பேனாவால் குறியிட்டு, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கம்

ஸ்டெபிலைசர் லிங்கை முதலில் கழற்றுங்கள். அப்புறம் பிரேக் காலிபரைக் கழற்றி, கம்பியால் மேலே கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸின் மேல் அதன் பாரம் விழவே கூடாது. டை ரொட் எண்டின் ஸ்பிளிட் பின்னை எடுத்து நட்டைத் தளர்த்தி, புல்லர் போட்டு இழுங்கள். புல்லர் இல்லாவிட்டால், சில்லைத் தாங்கும் நக்கிளின் காதுப் பகுதியைப் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி இரண்டு அடி அடித்தால் கூம்பு விடும். மரையின் தலையில் அடித்தால் அது நசுங்கும், ஆகவே அங்கே அடிக்க வேண்டாம். கழற்றும்போது எத்தனை சுற்று வந்தது என்று எண்ணி வைத்தால், புதியதையும் அதே அளவு திருகலாம்.

கீழ் ஆர்முக்கு அடியில் ஜக் கொடுத்துத் தாங்கிய பிறகுதான் போல் ஜொயின்டையும் ஷொக்கின் கீழ்ப் போல்ட்டையும் விடுவிக்க வேண்டும். ஷொக்கின் மேலே பொனட்டுக்குள் இரண்டு நட்டுகள்தான். நடுவில் இருக்கும் பெரிய நட்டை இப்போது தொடவே கூடாது. அதுதான் அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கிறது. மேல் ஆர்மை இரண்டு புஷ்ஷையும் ஊடுருவி ஓடும் ஒரு நீண்ட போல்ட் பிடித்திருக்கிறது. அதை உருவி எடுத்தால் ஆர்ம் கையோடு வரும்.

கடைசியாகக் கேம் போல்ட்டுகள். நட் கழன்றுவிடும், ஆனால் போல்ட்டைத் திருப்பினால் ரப்பரும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு திரும்பும். போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு துருவால் ஒட்டிவிட்டது என்று அர்த்தம். முதலில் எண்ணெய் விட்டு, இறுக்கும் திசையில் ஒரு நூல், தளர்த்தும் திசையில் ஒரு நூல் என்று முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் வெட்டுவதுதான் வழி. ஆர்மின் புஷ் முனைக்கும் சப்பிரேம் காதுக்கும் இடையில் உள்ள சின்ன இடைவெளியில் இரும்பு அறுக்கும் வாளின் தகட்டை விட்டு, இரு பக்கமும் போல்ட்டை அறுங்கள். ஒரு போல்ட்டுக்கு அரை மணித்தியாலம் ஆகும். ஆகட்டும். அவசரப்பட்டு கிரைண்டரால் சப்பிரேம் காதை வெட்டிவிட்டால் அதன் விலை இந்த வேலை முழுவதையும்விடப் பெரிது. காஸ் சுடரால் சூடாக்குவது நல்ல வழிதான், ஆனால் பெற்றோல் குழாயும் பிரேக் குழாயும் ஓடும் இடங்களில் செய்யாதீர்கள். மற்ற இடங்களிலும் பக்கத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும்.

ஷொக்கும் ஸ்பிரிங்கும்

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான இடம் இது. ஸ்பிரிங் கொம்பிரசர் இரண்டை நேர் எதிரெதிராகப் பூட்டி, ஒவ்வொன்றையும் சில சுற்றுகள் மாறி மாறி இறுக்குங்கள். ஸ்பிரிங் மேல் தட்டிலிருந்து தளர்ந்து கையால் அசையும் வரை நடு நட்டைத் தொடாதீர்கள். முகமோ நெஞ்சோ அதன் நேர்கோட்டில் இருக்கக் கூடாது. நல்ல கொம்பிரசர் இல்லாவிட்டால் நான்கையும் கழற்றி ஒரு கராஜுக்குக் கொண்டுபோய் மாற்றித் தரச் சொல்லுங்கள், சின்ன வேலைதான்.

புது ஷொக்கைப் போடும் முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தரம் முழுதாக அமுக்கி நீட்டுங்கள், உள்ளே சிக்கிய காற்று விலகும். தண்டில் பம்ப் ஸ்டொப், தூசி உறை, பிறகு ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் கீழ் நுனி தட்டில் உள்ள படியில் சரியாக உட்கார வேண்டும். நடு நட்டைக் கைக்கருவியால் இறுக்குங்கள். இம்பேக்ட் துப்பாக்கி தண்டைச் சுழற்றி உள்ளே இருக்கும் சீலைக் கெடுத்துவிடும்.

புஷ் ஏற்றுவது

இதற்கு ஹைட்ரோலிக் பிரெஸ் உள்ள லேத் பட்டறைக்குப் போங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றிய புஷ் சாய்ந்துதான் நிற்கும். பழைய ரப்பரை நெருப்பில் எரித்து எடுப்பதை இங்கே பலர் செய்கிறார்கள். அந்தப் புகை நஞ்சு, ஆர்மின் பெயின்டும் போய்விடும். அதைவிட ரப்பரைத் துளைத்து உள்குழாயை எடுத்துவிட்டு, வெளிக்கூட்டை இரும்பு அறுக்கும் வாளால் உள்ளிருந்து ஒரு கோடு அறுத்தால் அது சுருங்கிக் கழன்றுவிடும். ஆர்மை அறுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரெஸ்ஸில் வைக்கும்போது ஆர்மின் காதுகள் இரண்டுக்கும் இடையில் சரியான நீளத்தில் ஓர் இரும்புக் குழாயைத் தாங்கலாகக் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் காதுகள் உள்நோக்கி மடியும். புதுப் புஷ்ஷை முதல்நாள் இரவு பிரீசரில் வைத்து, ஏற்றும்போது சவர்க்காரத் தண்ணீர் பூசினால் இலகுவாகப் போகும். இயற்கை ரப்பரில் என்ஜின் எண்ணெயோ சாதாரண கிறீஸோ படக்கூடாது.

பின்பக்கம்

முறை முன்பக்கம் போலவே. வேறுபாடு இரண்டு இடத்தில். ஷொக்கின் மேல் நட்டுகள் டிக்கிக்குள், கார்பெட்டுக்குப் பின்னால் இருக்கும். இந்தக் காரில் பட்டரியும் டிக்கிக்குள்தான், ஆகவே முதலில் அதன் மறை (நெகடிவ்) முனையைக் கழற்றிவிடுங்கள். இரண்டாவது, பின் நக்கிளைக் கீழ் ஆர்மோடு இணைக்கும் நீண்ட போல்ட். முழுக் காரிலும் மிகப் பிடிவாதமானது அதுதான். ஒரு வார எண்ணெயை அதிகம் குடிக்க வேண்டியதும் அதுவே. நக்கிளைக் கழற்றிய பிறகு தொங்கவிடாதீர்கள். ட்ரைவ் ஷாஃப்ட்டின் ஜொயின்ட் அளவுக்கு மேல் மடங்கிப் பழுதாகும், கம்பியால் கட்டித் தாங்குங்கள்.

திரும்பப் பூட்டுதல்

போல்ட்டின் வழவழப்பான தண்டுப் பகுதியிலும் புஷ்ஷின் உள்குழாயிலும் கொப்பர் கிறீஸ் பூசுங்கள். அடுத்த முறை கழற்றுபவர் நீங்களாகவே இருக்கலாம். மரையில் பூச வேண்டாம், இறுக்கும் அளவு பிசகிவிடும்.

புஷ் வழியே போகும் எல்லாப் போல்ட்டையும் கையால் மட்டும், நட் தொட்டு நிற்கும் அளவுக்குப் போடுங்கள். போல் ஜொயின்டையும் டை ரொட் எண்டையும் இப்போதே முழுதாக இறுக்கலாம். ஸ்பிளிட் பின் துளை ஒத்து வராவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கி ஒத்துவரச் செய்யுங்கள், ஒருபோதும் தளர்த்தி அல்ல.

இனி நான் முதலில் சொன்ன இடம். ரப்பர் புஷ் சுழலும் பொருள் அல்ல. ரப்பர் உள்குழாயோடும் வெளிக்கூட்டோடும் ஒட்டப்பட்டிருக்கிறது. போல்ட்டை இறுக்கும்போது உள்குழாய் சப்பிரேமோடு பூட்டிக்கொள்கிறது, அதன் பிறகு ஆர்ம் அசைவதெல்லாம் ரப்பர் முறுக்குவதால்தான். எந்த நிலையில் இறுக்குகிறீர்களோ அதுதான் ரப்பரின் ஓய்வு நிலை. சில்லு தொங்கும்போது இறுக்கினால், காரைத் தரையில் இறக்கிய கணமே எல்லாப் புஷ்ஷும் முறுக்குண்டு நிற்கும். வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருக்கும்போதும் கிழிந்துகொண்டே இருக்கும்.

ஆகவே கீழ் ஆர்மின் வெளிநுனிக்கு அடியில் ஜக் கொடுத்து, சில்லு மையத்துக்கும் மட்காட்டுக்கும் உள்ள தூரம் டேப்பில் எழுதிய அளவுக்கு வரும் வரை உயர்த்துங்கள். கார் ஸ்டாண்டிலிருந்து எழும்புகிறதா என்று கவனித்துக்கொண்டே செய்யுங்கள். எழும்பத் தொடங்கினால் நிறுத்திவிட்டு, சில்லைப் பூட்டி, நான்கு சில்லுக்கும் அடியில் ஒரே உயரத்துக்குத் தடித்த மரக்கட்டைகளை அடுக்கி, காரை அவற்றின் மேல் இறக்கி இறுக்குங்கள். அந்த நிலையில் ஒவ்வொரு புஷ் போல்ட்டையும் டோர்க் ரெஞ்சால் முழுதாக இறுக்கலாம். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் ஷொக்கின் கீழ்ப் போல்ட்டுக்கு 73 முதல் 93 நியூட்டன் மீற்றர், மேல் நட்டுகளுக்கு 29 முதல் 36, சில்லு நட்டுகளுக்கு 88 முதல் 118. மற்றவற்றுக்கு உங்கள் மொடலுக்குரிய பட்டறைக் கைநூலைப் பாருங்கள். கேம் போல்ட்டைக் குறியிட்ட கோட்டிலேயே வைத்து இறுக்கினால், சில்லுகளின் சாய்வையும் திசையையும் அளந்து திருத்தும் எலைன்மென்டுக்குப் போகும் வரை கார் ஒழுங்காக ஓடும்.

முதல் ஓட்டமும் எலைன்மென்டும்

முதலில் பிரேக்கைப் பலமுறை மிதித்துப் பெடல் கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஊருக்குள் மெதுவாக ஒரு சுற்று. கல்லடிப் பாலத்தைத் தாண்டிப் போய் வந்தாலே போதும். திரும்பி வந்ததும் சில்லு நட்டுகளையும் ஷொக் போல்ட்டுகளையும் மறுபடி சோதியுங்கள். நூறு கிலோமீற்றர் ஓடியதும் எல்லாவற்றையும் இன்னொரு தரம் சோதியுங்கள்.

எலைன்மென்டை இருநூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு செய்வது நல்லது, அதற்குள் எல்லாம் உட்கார்ந்துவிடும். பெற்றோல் பாதித் தாங்கி இருக்கட்டும். டோ (சில்லின் திசை) மட்டும் பார்த்து அனுப்பும் இடத்துக்குப் போகாதீர்கள், இந்தக் காரில் நான்கு சில்லிலும் கேம்பரையும் (சில்லின் சாய்வு) திருத்த முடியும். எனக்கு நன்றாக வந்தது முன்னால் மறை ஒரு பாகை, பின்னால் மறை ஒன்றரைப் பாகை கேம்பர், இரண்டிலும் மிகச் சிறிய டோ-இன். இடமும் வலமும் ஒரே எண்ணாக வருவது அந்த எண்ணைவிட முக்கியம். அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

அதன் பிறகு பாசிக்குடாக் கடற்கரைப் பக்கம் போய்வந்த ஒவ்வொரு முறையும், மாரியில் வெள்ளம் ஏறிய வீதியில் ஓடிய ஒவ்வொரு முறையும், அடிப்பாகத்தைக் குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள். கடலோர வீடுகளில் கிணற்றுத் தண்ணீரே உவர்ப்பாக இருக்கும், அதை அடித்தால் உப்பைக் கழுவியதாகாது. கழுவிக் காய்ந்ததும் போல்ட் தலைகளிலும் மரை நுனிகளிலும் மெழுகு ஸ்பிரே அடித்துவிடுங்கள், ரப்பரில் படாமல்.